பெரிய வீட்டு வெள்ளை வண்டி

துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். தரையில் உட்காரக் கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது, காலை மடக்கி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு சின்ன கார். அதில் ஏறுவது தரையில் உட்காருவதற்குச் சமம். முதல் முறை அம்மாவை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வலி பொறுக்காமல் என் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். இறங்கியதும், "சட்ட போச்சேடா" என்று அதற்கும் அழுதாள்.

அம்மாவும் நைனாவும் இருக்கும் எங்கள் ஊர் ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. தார் ரோடு ஊர்த் தெருவோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்கள் காலனி வரைக்கும் மண்ணும் கல்லும்தான். மழைக்காலத்தில் சின்ன காரின் அடிவயிறு கல்லில் உரசும் சத்தம் கேட்டால் இறங்கிக் குனிந்து பார்ப்பேன். ஆகவே உயரமான வண்டி ஒன்று வேண்டும், புதிது வாங்க வக்கில்லை, பழையதாகவே பார்ப்போம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடியிருப்பதும் ஆம்பூரில்தான்.

வண்டி பார்க்க எங்களோடு வந்தவர் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் நண்பர். வாணியம்பாடிக்காரர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை தோஸ்த் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கிளம்புவோம். ஒரு வண்டியில் கால் விரிப்பைத் தூக்கினால் அடியில் சேறு காய்ந்து கிடந்தது, வெள்ளத்தில் முழுகிய வண்டி. இன்னொன்றில் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. "இது அடிபட்ட வண்டி தோஸ்த். மேக்கப்புதான் ஜாஸ்தி" என்று பாய் கதவைக்கூடத் திறக்காமல் திரும்பிவிட்டார்.

கடைசியில் காட்பாடி ரோட்டில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தோம். கை மாறாத வண்டி, கம்மியாக ஓடியது, டீசல். பாய் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். என் மனைவி பார்த்த விதம் வேறு. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா மாதிரியே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, பின்கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். அங்கே டயர் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அத்தைக்கு இது சரியா இருக்கும். சீட்டு இடுப்பு உயரத்துக்கு வருது" என்றாள். நர்ஸ் அல்லவா.

வியாபாரி போன் போட்டதும் வண்டியின் சொந்தக்காரர் சாவியோடு நேரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். வேலூரில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்வதாகச் சொன்னார். கை கொடுத்தார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். என் மனைவிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

"சார், இந்த வண்டிக்குள்ள யாரையும் ஒரு முறுக்குகூட தின்ன விட்டதில்ல. எம் பசங்களே என்னை திட்டும். விக்க மனசே இல்ல, பெருசா ஒண்ணு புக் பண்ணிட்டேன், நிறுத்த எடமில்ல. நீங்க பாக்க நல்ல மனுஷனா இருக்கீங்க. நல்லவங்க கைக்குப் போனா எனக்கும் திருப்தி சார்."

விலையிலும் அவர் முரண்டு பிடிக்கவில்லை. பாய் சொன்னதற்குக் கொஞ்சம் மேலே நின்றார், நான் தலையாட்டினேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று சாவியை என் கையில் கொடுத்து, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மனைவியும் பாயும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பைபாஸ் ஏறியதும் ஐந்தாவது கியர் போட்டேன்.

"கை பழகின மாதிரி ஓட்டறீங்க சார். ஆம்பூர்ல எங்க?"

கம்பெனி இருக்கும் பக்கத்தைச் சொன்னேன்.

"சொந்த ஊரே ஆம்பூரா?"

இல்லை என்று சொல்லி, ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

அவர் சீட்டில் அப்படியே என் பக்கம் திரும்பினார். "அட! நம்ம ஊரு சார்! எங்க ஊரே அதானே! இவ்ளோ நேரம் சொல்லவே இல்லியே!" அவர் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். "நாங்க அங்க பெரிய வீடு. நீங்க எந்தத் தெரு?"

ஊரின் பாதி நிலம் பெரிய வீட்டாருடையது. என் நைனா இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அவர்கள் நிலத்தில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். இந்த மனிதர் அந்த வீட்டின் இளைய மகன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆறாம் வகுப்பிலேயே வேலூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். அவரும் வேலூரில் இங்கிலீஷ் ஸ்கூலில் படித்து வளர்ந்தவர். அந்த வண்டியை ஊரில் எப்போதாவது நான் பார்த்திருக்கலாம். வெள்ளை வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன.

எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பொய் சொல்லலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் சொல்லியிருக்கிறேன். அதே ஊர்க்காரரிடம் என்ன பொய் சொல்வது? பின் சீட்டில் என் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

"காலனி" என்றேன்.

"ஓ" என்றார். ஒரு லாரியைத் தாண்டினேன்.

"யாரு பையன்?"

"ஏரிக்கரை மோட்டார் கொட்டாய்ல தண்ணி பாய்ச்சறாரே, அவரு பையன்."

"அட, அவன் பையனா நீ?"

என் நைனாவுக்கு அறுபத்தெட்டு வயது.

"பரவால்ல, நல்லா வந்துட்ட. எங்கப்பாகிட்ட சொன்னா சந்தோஷப்படுவாரு. இந்தா, இங்க திருப்பிக்கப்பா. போதும். ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணு."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சார் போய், நீங்க போய், நீயும் ப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டன. அவர் கோபமாகச் சொல்லவில்லை. இளக்காரமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி அவ்வளவு இயல்பாக மாறினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வந்ததும் அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. "இரு, வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும் பாய் கேட்டார், "இன்னா தோஸ்த், நல்லாத்தானே பேசிக்கினு இருந்தாரு? திடீர்னு இன்னா ஆச்சு?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. என் மனைவிதான் சொன்னாள். "ஊரு கேட்டாரு இல்லண்ணா, அதான் ஆச்சு." பாய் கொஞ்ச நேரம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேஜார்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வியாபாரி போன் செய்தார். உற்சாகமான குரல். "சார், வண்டி உங்களுக்குத்தான். பேசிட்டேன். ஆனா பார்ட்டி ஒரு சின்ன கண்டிஷன் சொல்றாரு. வண்டிய அந்த ஊருக்கு மட்டும் எடுத்துட்டுப் போக வேணாமாம்."

"ஏன்?"

"நம்பரு ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம் சார். அவங்க அம்மா கோயிலுக்குப் போய்ட்டு வந்த வண்டியாம். பெரியவங்க ஒரு மாதிரி நினைப்பாங்கன்றாரு. இதெல்லாம் எங்க லைன்ல சகஜம் சார். நான் ஒரு ஐடியா சொல்றேன். கருப்பு ஸ்டிக்கர் ஃபுல்லா ஒட்டிக் குடுத்துடறேன். யாருக்கும் அடையாளமே தெரியாது."

"எங்கம்மாவ ஊர்லேர்ந்து ஏத்திக்கினு வர்றதுக்குத்தான் வண்டியே வாங்கறேன்."

"அதுக்கென்ன சார், அம்மாவ மெயின் ரோடு வரைக்கும் ஆட்டோல வரச் சொல்லுங்க."

அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்கு வண்டி விற்க வேண்டும். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. முதலில் என் மனைவி, "அந்த வண்டியே வேணாம், தலையச் சுத்தித் தூக்கிப் போடுங்க" என்றாள். அந்த வண்டிதான் வேண்டும் என்று நான் நின்றேன். அம்மாவின் இடுப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. கம்பெனியில் ஷூக்களுக்குப் பாலிஷ் பார்க்கும்போதும் அந்த வண்டியை ஊர்த் தெருவில் ஓட்டிக்கொண்டு போவதுதான் கண்ணுக்குள் ஓடியது. எங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த ஒரு காலையில், என் மனைவியே வேறு வழி சொன்னாள்.

"சரின்னு சொல்லி வாங்குங்க. பேரு மாத்திட்டா வண்டி நம்முது. எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போனா யாரு கேக்கறது? எந்தக் கோர்ட்டுக்குப் போவாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவளை நான் அவ்வளவு மெச்சியதில்லை. வியாபாரியைக் கூப்பிட்டு, கண்டிஷனுக்குச் சம்மதம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பதாகப் பேச்சு. மாலை வாங்க வேண்டுமா, எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா என்றுகூடப் பேசினோம்.

சனிக்கிழமை வியாபாரி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் உற்சாகம் இல்லை.

"இன்னா சார், வேணாம்னு சொல்லிட்டீங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"யாரு, நானா?"

"உங்கப்பா சொன்னாராமே சார். பையன் வாங்கலன்னு."

அன்று மதியமே லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். நைனா வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவை ஒட்டிப் போட்ட கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் வந்த வேகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது.

"யாரைக் கேட்டு நைனா சொன்ன?"

"பெரிய வூட்டுப் பெரியவரு கூப்ட்டு அனுப்புனாரு. போனேன்" என்றார், காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "உம் பையன் நம்ம வண்டிய வாங்கறானாமேன்னாரு. அப்டியா சாமி, எனக்குத் தெரியாதேன்னேன்."

"தெரியாதுன்னதோட விட வேண்டியதுதானே?"

"எங்க வுட்டாரு? சிரிச்சிக்கினே நின்னாரு. நான்தான் சொன்னேன், அதெல்லாம் வாங்க மாட்டான் சாமின்னு."

"வாங்கக் கூடாதுன்னு அவரு சொன்னாரா?"

"சொல்லல."

"அவரு சொல்லாமயே நீ எதுக்கு சொன்ன?"

நைனா அப்போதுதான் நிமிர்ந்தார். "அவரு வாயத் தொறந்து சொல்ற வரிக்கும் நிக்கணுமாடா நானு? சொல்லிட்டாருன்னா அப்புறம் அத யாரு மாத்தறது? நம்ம அரக்காணி நெலத்துக்கு வழி எங்க கீது? அவுங்க வேர்க்கல்லக் கொல்லி வரப்பு மேலதான் கீது. நாளைக்கு முள்ள வெட்டிப் போட்டுட்டா நீ ஆம்பூர்லேர்ந்து வந்து எடுப்பியா?"

"அரக்காணிய வித்துட்டு என்கூட வா."

"வந்து? உன் வூட்ல குந்திக்கினு டிவி பாக்கவா?"

அம்மா கட்டிலிலிருந்து, "எனக்குக் காரே வேணாம் சாமி. பஸ்ஸுலயே வர்றேன். உங்க ரெண்டு பேருக்கும் சண்டயே வேணாம்" என்றாள். பஸ் படியில் அவளால் ஏற முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

எனக்குத் தாங்கவில்லை. இருபது வருடமாக ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான பேரிடம் வேலை வாங்குகிறேன். ஷூ வாங்க வரும் எத்தனையோ நாட்டு பையர்களுக்கு முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். என் பணத்தில் நான் எந்த வண்டி வாங்க மாட்டேன் என்பதை, மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டு முற்றத்தில் நின்று நைனா முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். "உன்ன மாதிரி ஆளுங்க இருக்கற வரிக்கும் அவுங்களுக்கு இன்னா கவல?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நைனா மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "சோறு கீது, துன்னுட்டுப் போ" என்றார். நான் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அந்த வெள்ளை வண்டி குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவருக்குப் போனது. நான் ஒத்துக்கொண்ட விலையைவிடக் கம்மிக்கு. கேட்காமலேயே இதை எனக்குச் சொன்னவர் அந்தக் காட்பாடி ரோட்டு வியாபாரிதான். அவருக்கும் கமிஷன் குறைந்த வருத்தம்.

பிறகு பாய் அலைந்து கிருஷ்ணகிரியில் ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். அதே அளவு வண்டி, பழுப்பு நிறம், இரண்டு கை மாறியது, நிறைய ஓடியது. கிளம்பும்போது கறுப்பாகப் புகை விடும். "இஞ்சின் கெட்டி தோஸ்த், பயப்படாத" என்றார். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். எங்கள் மகள் மட்டும் பின் சீட்டில் குதித்தாள். வண்டி வந்த சந்தோஷம் எனக்கும் மனைவிக்கும் இல்லை. சீட்டு உயரத்தை அவள் ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்ததோடு சரி.

சில மாதம் கழித்துப் பள்ளிகொண்டா பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் பெரிய வீட்டு இளையவரைப் பார்த்தேன். புது வண்டியிலிருந்து இறங்கி நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.

"வேற வண்டி எடுத்துட்டியா? நல்லதுப்பா. அத நீ வாங்காததே நல்லதாப் போச்சு. அதுல கிளட்ச்சு கொஞ்சம் பிரச்சன. தெரிஞ்ச பையனாச்சே, உனக்கு எப்படிக் குடுக்கறதுன்னு நானே யோசிச்சேன்."

"ஆமாங்க" என்றேன்.

அவர் என் வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என்னை அவர் காப்பாற்றிவிட்டதாகவே நம்பிக்கொண்டு போனார் என்றுதான் நினைக்கிறேன். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். ஆம்பூர் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆமாங்க என்பதற்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் நிறைய வாசகங்கள் எனக்குத் தோன்றியிருக்கின்றன. எல்லாம் குளிக்கும்போதும் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும்தான் தோன்றுகின்றன.

அம்மாவை மறு பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில் ஊருக்குப் போனேன். என் மனைவிக்கு அன்று டியூட்டி. அம்மாவை ஏற்றி இறக்க இன்னொரு கை வேண்டும் என்பதால், நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியாக இல்லாத காலம். அம்மா சுலபமாக ஏறி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நைனா உட்கார்ந்தார், முதுகைச் சாய்க்காமல், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டியாக வேண்டும். பெரிய வீட்டுக்கு நேர் எதிரே ஓர் எருமை குறுக்கே நின்றது. வாசலில் நாற்காலி போட்டுப் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் கை ஹாரனுக்குப் போனது.

"அடிக்காத" என்றார் நைனா. "இரு, நான் ஓட்டறேன்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் இறங்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி எருமையை ஓரமாக ஓட்டினார். பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நைனா சிரித்தபடி பதில் சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் வண்டியில் ஏறவில்லை. போ, போ என்று எனக்குக் கை காட்டிவிட்டுத் தெருவோரமாக நடக்க ஆரம்பித்தார்.

நான் அவர் பின்னாலேயே, அவர் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வண்டியின் நிழல் விழுகிற தூரத்தில் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அம்மா, "அவரு அப்டித்தான், காத்தாட நடந்தாத்தான் அவருக்கு ஆவும்" என்றாள். தெரு முடிந்து பஸ் நிற்கிற இடம் வந்ததும் நின்று, கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"பெரியவரு இன்னா கேட்டாரு?" என்றேன்.

"யாரு வண்டின்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனி வண்டின்னேன். எம் பையன் ஓட்டிக்கினு வந்துகிறான்னு சொன்னேன். டைம் ஆவுது, போ."

அணைக்கட்டு தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மாவுக்கு மட்டும் உயரமான நாற்காலி கேட்டு வாங்கினேன்.